கட்டைவிரல் பதில்

அன்புள்ள ஐயா,

என் நெருங்கிய நண்பனின் அப்பா இறந்த செய்தியை ஃபேஸ்புக்கில்தான் பார்த்தேன். உடனே அழும் முகத்தை இட்டு, 'ஆழ்ந்த இரங்கல்' என்றும் எழுதினேன். அன்றிருந்த வேலையில் அதற்குமேல் முடியவில்லை. ஐந்து மாதம் கழித்து நேரில் பார்த்தபோது அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்டதற்கு, "நீ ஒரு வார்த்தை பேசவில்லையே" என்றான். என் இரங்கல் இன்னும் அங்கே இருக்கிறது. அவன் அதற்கு லைக்கும் போட்டிருக்கிறான்! இருபது வருட நட்பை இந்தத் தளங்கள் கெடுத்துவிட்டன. கணக்கை மூடிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

மூடுவதும் மூடாததும் உங்கள் விருப்பம். மூடினால் நண்பர் திரும்பிவிடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. பழியை மொத்தமாகத் தளத்தின் தலையில் இறக்கிவைப்பது வசதிதான். அந்த வசதியை உங்களுக்குத் தர எனக்கு மனமில்லை.

அப்பா போன அன்று ஒவ்வொருவராக அழைத்துச் சொல்ல யாருக்கும் தெம்பிருக்காது. ஆகவே ஒரே இடத்தில் எழுதிவைத்தார். படித்தவர்களில் யார் தன்னைத் தேடி வருகிறார்கள் என்று பிறகு பார்த்துக்கொண்டிருந்திருப்பார். நீங்களோ அறிவிப்பின் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டீர்கள். உங்களுக்கு மேலும் கீழும் எத்தனையோ பேர் அதே இரண்டு சொற்களை எழுதியிருப்பார்கள். அவர் போட்ட லைக்கும் அத்தனை பேருக்கும் வரிசையாகப் போட்டதாகத்தான் இருக்கும். அதை ரசீதாக எடுத்துக்கொண்டு வழக்காட வேண்டாம்.

இந்தக் கோளாறு எங்கே நுழைந்தது என்று யோசித்தால் எனக்கு 2006 செப்டம்பர் நினைவுக்கு வரும். அதுவரை ஃபேஸ்புக்கில் ஒருவரைப் பற்றித் தெரிய வேண்டுமானால் அவருடைய பக்கத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அந்த மாதம் நியூஸ் ஃபீட் வந்தது. நண்பர்கள் செய்வதெல்லாம் நாம் தேடாமலே கண்முன் வந்து விழத் தொடங்கியது. லட்சக்கணக்கானோர் ஒரே குழுவில் சேர்ந்து எதிர்த்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். ஒருவரைத் தேடிப் போகும் சின்ன உழைப்பு அங்கே கழன்றது. என்னைக் கேட்டால் உறவில் பாதி அந்த உழைப்புதான். 2009இல் லைக் வந்தபோது பதில் சொல்லும் உழைப்பும் போயிற்று. 2016 வரை மரணச் செய்திக்கும் அந்தக் கட்டைவிரல்தான். நீங்கள் இட்ட அழும் முகம் அந்த வருடம்தான் வந்தது.

தளங்களால் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். வேலை தேடியவர்களுக்குத் துப்புக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் எப்போதோ ஒருமுறை பார்க்கும் அறிமுகக்காரர்கள் என்று அதில் காட்டினார். அத்தகைய அறிமுகங்களைக் காயாமல் வைத்திருக்க இந்தத் தளங்கள் போல வேறொன்று இல்லை. நெருங்கியவர்களையும் அதே தட்டில் வைத்துவிடுகிறோம், அங்கேதான் சிக்கல்.

நானொன்றும் யோக்கியன் இல்லை. கல்லூரித் தோழர் ஒருவரும் நானும் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் வணக்கம் சொல்லிக்கொள்கிறோம். உங்கள் கடிதத்தைப் படித்த அன்று, நாங்கள் கடைசியாகச் சொந்தமாக என்ன எழுதிக்கொண்டோம் என்று பார்க்கலாமே என மேலே தள்ளிக்கொண்டு போனேன். ரோஜா, சூரியோதயம், ஆவி பறக்கும் கோப்பை, மறுபடியும் ரோஜா. விரல் வலிக்கத் தொடங்கியபோது அகப்பட்டது. ஒன்றரை வருடத்துக்கு முந்தையது: "வீடு மாறிவிட்டோம். இன்னும் மூட்டை பிரிக்கவில்லை. மனம் ஒட்டவில்லை."

என் பதில் ஒரு கட்டைவிரல். மறுநாள் காலை ஒரு ரோஜா.

உடனே அழைத்தேன். எடுத்ததும் அவர் பதறிப்போய்க் கேட்டார், "என்ன ஆயிற்று? யாருக்கு என்ன?" சும்மாதான் கூப்பிட்டேன் என்று நம்பவைக்கவே இரண்டு நிமிடம் பிடித்தது. பிறகு அந்த வீட்டைப் பற்றி விசாரித்தேன். அதைக் காலி செய்து எட்டு மாதம் ஆகிறதாம்.

நீங்களும் கூப்பிடுங்கள். அப்பா எப்படிப் போனார், கடைசி நாட்களில் என்ன பேசினார் என்று கேளுங்கள். அதையெல்லாம் அவர் எந்தப் பதிவிலும் எழுதியிருக்கமாட்டார். அன்று வேலை இருந்தது என்பதை மட்டும் சொல்லாதீர்கள்.

அன்புடன்.