குறும்புக்காரப் பிள்ளைக்கு எந்தத் துறை பொருந்தும்?

அன்புள்ள அம்மாவுக்கு,

எட்டாம் வகுப்பில் படிக்கும் தங்கள் மகன் வீட்டுக் கடிகாரங்கள் அனைத்தையும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததால் தங்கள் கணவர் பூட்டிய அலுவலகத்தின் முன் போய் நின்றதையும், தலைமையாசிரியரின் குரலில் நண்பர்களின் வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசி நாளை விடுமுறை என்று நம்பவைத்ததையும், பாட்டியின் செவித்துணைக் கருவியைப் பிரித்துவிட்டு, மீண்டும் பூட்டத் தெரியாமல் தலையணை உறைக்குள் மறைத்ததையும் எழுதியிருக்கிறீர்கள். "இவன் எதற்குத்தான் உருப்படுவான்?" என்ற கேள்வியிலுள்ள களைப்பு எனக்குப் புரிகிறது. கேட்பவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அன்றாடம் சமாளிப்பவர்கள் நீங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு இருக்கிறதா என்பதை ஓரிரு சேட்டைகளை வைத்து யாரும் சொல்லிவிட முடியாது. 2013-இல் வெளியான அமெரிக்க மனநலக் கையேட்டின்படி, அறிகுறிகள் ஆறு மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும்; அவற்றுள் பல 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும்; வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலும் காணப்பட வேண்டும். அப்படி இருப்பதாகத் தோன்றினால் குழந்தை மனநல மருத்துவரைப் பாருங்கள். உறவினர்கள் வைக்கும் பெயர்களைப் பொருட்படுத்த வேண்டாம்.

அடுத்து, துறை பற்றிய கேள்விக்கு வருகிறேன். பொருள்களைப் பிரிக்கும் பிள்ளை பொறியாளர் ஆவான் என்று பெற்றோர் பலரும் உடனே முடிவு செய்துவிடுகிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. எந்தக் குறும்புக்காக அவன் பொறுமையாக உழைத்தான் என்பதையே பார்க்க வேண்டும். செவித்துணைக் கருவியில் அவனுக்கு இருந்தது ஆர்வம் மட்டுமே; சிக்கல் வந்ததும் விட்டுவிட்டான். தொலைபேசி விஷயம் அப்படியல்ல. தலைமையாசிரியர் எங்கே நிறுத்துகிறார், எந்தச் சொல்லை இழுக்கிறார் என்று நாள்கணக்கில் கவனித்திருக்காவிட்டால், பெரியவர்கள் ஏமாந்திருக்க மாட்டார்கள். கூர்ந்து கேட்பதும் கேட்பவரின் மனத்தை அறிந்து பேசுவதும் நாடகம், ஒலிபரப்பு, ஆசிரியப் பணி, வழக்கறிஞர் தொழில், விற்பனை ஆகிய எல்லாவற்றுக்கும் அடிப்படையான திறன்கள். அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959 முதல் வளர்த்தெடுத்த கோட்பாடு, மனிதர்களின் தொழில் விருப்பங்களை ஆறு வகைகளாகப் பிரிக்கிறது. பெரும்பாலோரிடம் அவற்றுள் இரண்டு மூன்று கலந்தே இருக்கும் என்றும் கூறுகிறது. எனவே, பதின்மூன்று வயதில் ஒரே துறையைச் சுட்டிக்காட்டுவது அவசரமாகிவிடும்.

ஆப்பிள் நிறுவனத்தை 1976-இல் இணைந்து தொடங்கிய ஸ்டீவ் வோஸ்னியாக், பள்ளி நாட்களில் வெடிகுண்டுபோல் டிக் டிக் என ஒலிக்கும் கருவியைச் செய்து வைத்ததற்காகச் சிறார் காவல் இல்லத்தில் ஓர் இரவு இருக்க நேர்ந்தது. இதைச் சொல்லி ஆறுதல் தருபவர்கள், அதே வயதில் அவர் கணினி வடிவமைப்புகளைத் தாளில் வரைந்து வரைந்து பழகியதைச் சொல்வதில்லை. பெற்றோர் தேட வேண்டியது அந்தத் தாள்களைத்தான்.

ஆகவே ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே அவன் எதில் நேரம் செலவிடுகிறான், தொடங்கியதை முடிக்கிறானா, தனியாகச் செய்கிறானா, ஆட்களைத் திரட்டுகிறானா என்று சில வாரங்கள் எழுதி வாருங்கள். பள்ளி நாடகக் குழுவிலோ பேச்சுப் பயிற்சியிலோ சேர்த்துவிடுங்கள்; அங்கே ஒத்திகை சலித்த பிறகும் நிலைக்கிறானா என்பது முக்கியம். செய்த தவற்றுக்குப் பொறுப்பேற்பதிலும் சலுகை வேண்டாம். அவன் ஏமாற்றிய ஒவ்வொரு வீட்டாரிடமும் தன் சொந்தக் குரலில் மன்னிப்புக் கேட்கட்டும். கருவியைப் பழுதுபார்க்கும் செலவில் ஒரு பங்கைத் தன் கைச்செலவுப் பணத்திலிருந்து கொடுக்கட்டும்.

அவனை விடுதிப் பள்ளியில் சேர்க்கும் யோசனையைத் தண்டனையாக முன்வைக்க வேண்டாம் என்று தங்கள் கணவரிடமும் சொல்லுங்கள். இந்தக் கல்வியாண்டு முடியும்வரை அந்த முடிவைத் தள்ளிப்போட்டு, அடுத்த முறை குறிப்பேட்டோடு அவனையும் அழைத்து வாருங்கள். முதலில் அவனுடன் தனியாகப் பேச விரும்புகிறேன்.