மேலே விரைவுச்சாலை, கீழே கால்வாய்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பர்மிங்காமின் ஸ்பகெட்டி ஜங்ஷனைக் கட்டியபோது, கீழே குதிரை இழுக்கும் படகு போவதற்கு வழி விட்டுத் தூண்களை நிறுத்தினார்களாம். 1972-இல் குதிரைப் படகு ஏது?

பதில்: படகு அநேகமாக இல்லை, ஆனாலும் வழி விட்டார்கள். எம்6 விரைவுச்சாலையின் 6-ஆவது சந்திப்பான இதன் முறையான பெயர் கிரேவலி ஹில். 1972 மே 24 அன்று திறக்கப்பட்டது. மொத்தம் 559 காங்கிரீட் தூண்கள். அவற்றின் காலடியில்தான் சால்ஃபோர்டு ஜங்ஷன் இருக்கிறது. 1789-இல் திறந்த பர்மிங்காம்-ஃபேஸ்லி கால்வாயோடு, 1844-இல் வந்த டேம் வேலி கால்வாயும் இன்று கிராண்ட் யூனியன் எனப்படும் கால்வாயும் கூடும் இடம் அது.

சிக்கல் கயிற்றில் இருக்கிறது. குதிரை கரையோரப் பாதையில் நடக்கும், படகு தண்ணீரின் நடுவில் வரும், இரண்டுக்கும் இடையே கயிறு சாய்வாக விறைத்து நிற்கும். கரை விளிம்பில் ஒரு தூண் முளைத்தால் குதிரை அதற்கு ஒரு பக்கம், படகு மறு பக்கம்; கயிறு தூணில் மாட்டிக்கொள்ளும். பழைய கால்வாய்ப் பாலங்களின் மூலைகளில் பொருத்திய இரும்புக் காப்புகளைப் பாருங்கள், விரல் நுழையும் பள்ளங்கள் இருக்கும். மணல் ஒட்டிய ஈரக் கயிறு அரம்போல அறுத்தவை அவை. அந்தப் பழைய கணக்கை மதித்தது வீண் போகவில்லை. இன்றைக்கும் என்ஜின் நின்றுபோன படகை ஆட்கள் கரையிலிருந்து கயிறு கட்டி இழுக்கிறார்கள்.

கேள்வி: இந்த மேம்பாலங்களுக்கு அடியில் படகில் போகும்போது, மழை விட்ட பிறகும் தண்ணீர் சொட்டுகிறது. தூண் தலையில் வெள்ளைக் கறையும் பழுப்புக் கறையும் தெரிகின்றன. பயப்பட வேண்டுமா?

பதில்: வெள்ளையைக் கண்டு பயப்பட வேண்டாம். காங்கிரீட்டிலுள்ள சுண்ணாம்பைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்து படிய விட்டது அது. இங்கே தண்ணீர் நுழைகிறது என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். பழுப்புதான் கவனிக்க வேண்டியது. உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது.

மேல்தளத்தின் இரண்டு கண்கள் (தூணுக்குத் தூண் நீளும் துண்டுகள்) சந்திக்கும் இடத்தில், வெயிலுக்கு நீளவும் குளிருக்குச் சுருங்கவும் ஒரு விரிவு இணைப்பு உண்டு. அதற்கு நேர் கீழே இருப்பது தூண்களின் தலையில் படுத்திருக்கும் குறுக்கு உத்தரம். குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்பு தூவுகிறார்கள். இணைப்பிலுள்ள ரப்பர் தேய்ந்ததும் உப்புத் தண்ணீர் நேராக உத்தரத்தின் மேல் இறங்குகிறது. காங்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தைப் போட்டு வைத்திருக்கும். உப்பிலுள்ள குளோரைடு அதை உடைத்துவிடும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அந்த நெருக்கத்தில்தான் காங்கிரீட் வெடித்துப் பெயர்கிறது.

சோதனை மூன்று விதம். சுத்தியலால் தட்டினால், பிரிந்த இடம் பொத்தென்று ஒலிக்கும். துளையிட்டு ஒவ்வொரு ஆழத்திலும் தூள் எடுத்து குளோரைடு பார்ப்பார்கள். சிமென்ட் எடையில் 0.4 சதவீதத்தை நெருங்கினால் கவலை. செம்பு-செம்பு சல்ஃபேட் மின்முனையைப் பரப்பில் வைத்து மின்னழுத்தம் அளப்பது மூன்றாவது: −350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்த இடத்தில் அரிப்பு நடக்க வாய்ப்பு மிக அதிகம்.

பெயர்ந்த இடத்தை மட்டும் கொத்திப் பூசிவிடுவது பலரும் செய்யும் தவறு. பூசிய இடத்திலுள்ள கம்பி நலமாகிவிடும். ஆனால் அதைச் சுற்றி உப்பேறிய பழைய காங்கிரீட் அப்படியே கிடக்கிறதே! இதுவரை கெட்ட இடம் தன்னைப் பலி கொடுத்து அக்கம்பக்கத்துக் கம்பியைக் காத்துவந்தது. அது போனதும் ஒட்டின் ஓரத்தைச் சுற்றி வளையம்போலப் புதிய துரு கிளம்பும். சில வருடங்களில் ஒட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஒட்டு.

அதனால்தான் பர்மிங்காமைச் சுற்றியுள்ள எம்5, எம்6 மேம்பாலங்களில் நூற்றுக்கணக்கான உத்தரங்களுக்குக் கத்தோடியப் பாதுகாப்பு, அதாவது மின்சாரம் செலுத்திக் கம்பியைத் துருவிலிருந்து காக்கும் முறை, கொடுத்திருக்கிறார்கள். காங்கிரீட்டின் மேல் டைட்டானிய வலையோ மின் கடத்தும் பூச்சோ நேர்மின்முனையாகும், கம்பி எதிர்மின்முனையாகும். கம்பியின் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 10 முதல் 20 மில்லி ஆம்பியர் நேர்மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி 24 மணி நேரத்துக்குள் கம்பியின் மின்னழுத்தம் 100 மில்லிவோல்ட்டாவது சரிந்தால் காப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். கம்பிகள் எல்லாம் ஒன்றோடொன்று மின்தொடர்பில் இருக்கின்றனவா என்பதை முதலிலேயே பார்த்தாக வேண்டும். தனித்து நிற்கும் கம்பிக்குக் காப்பு கிடைக்காது, சில சமயம் அரிப்பு கூடவும் செய்யும். ஆனால் இணைப்பின் ஒழுக்கை அடைக்காமல் இதையெல்லாம் செய்வது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

கேள்வி: லங்காஸ்டர் கால்வாய்க்கு மட்டும் ஏன் பாலம் கட்டவில்லை?

பதில்: 1819-இல் வடமேற்கு இங்கிலாந்தின் கெண்டல் ஊர் வரை எட்டிய கால்வாய் அது. 1960-களின் பிற்பகுதியில் எம்6 வந்தபோது வழியிலுள்ள டியூவிட்ஃபீல்டு என்ற ஊருக்கு வடக்கே படகு வணிகம் முடிந்துபோயிருந்தது. படகு புகும் உயரம், அதற்கு மேல் உத்தரத்தின் தடிமன் எல்லாம் சேர்ந்து சாலை 6 மீட்டர் எழும்ப வேண்டும் என்று வையுங்கள். 3 சதவீதச் சரிவில் இருபுறமும் 200 மீட்டருக்குக் கரை போட வேண்டும். சாலைக்கு அடியில் தண்ணீருக்குக் குழாய் பதிப்பது மலிவு, அதையே செய்தார்கள். எம்6 கால்வாயை மூன்று இடங்களில் வெட்டுகிறது. தண்ணீர் போகும், படகு போகாது.

ராச்டேல் கால்வாயையும் எம்62 இப்படித்தான் அடைத்தது. அதற்கு அதிர்ஷ்டம் இருந்தது: பக்கத்தில் பண்ணைக்கென்று விட்டிருந்த ஒரு சுரங்கவழி. கால்வாயை அதற்குள் திருப்பிவிட்டு 2002-இல் முழு நீளத்துக்கும் படகு ஓட்டினார்கள்.

கேள்வி: ஸ்பகெட்டி ஜங்ஷனின் அடியை நடந்தே பார்க்கலாமா?

பதில்: தாராளமாக. படகுக்குத்தான் உரிமம் வேண்டும், கரையில் நடக்கக் கட்டணம் இல்லை. நகர மையத்தில் ஃபார்மர்ஸ் பிரிட்ஜில் தொடங்கி 13 லாக்குகள் (படகை ஏற்றி இறக்கும் நீர்க்கதவு அடைப்புகள்), ஆஸ்டனில் 11 லாக்குகள் என்று தண்ணீரோடு இறங்கிக்கொண்டே போங்கள். கடைசி லாக்கைத் தாண்டிச் சிறிது தூரத்தில் தலைக்கு மேல் தூண்கள் தொடங்கும். மழைக்காலத்தில் இணைப்புகளுக்கு நேர் கீழே நிற்காதீர்கள், சட்டையில் உப்புக் கறை விழும்.