பதினான்கு ஊர் நெல் கணக்கை ஒரே ஷீட்டில் சேர்க்க...

கேள்வி: அண்ணாச்சி, சேரன்மகாதேவி பக்கம் ஓர் உழவர் குழுவில் கணக்குப் பார்க்கிறேன். பிசான அறுவடை முடிந்து 14 ஊர்களிலிருந்து எக்செல் ஃபைல் வந்திருக்கிறது. யார் எவ்வளவு நெல் போட்டார், எவ்வளவு பணம் போக வேண்டும் என்ற கணக்கு. ஒன்றில் 9 நெடுவரிசை, இன்னொன்றில் 12. ஒருவர் ‘பெயர்’ என்று போட்டிருக்கிறார், இன்னொருவர் ‘விவசாயி பெயர்’. வரிசையும் ஆளுக்கு ஒரு மாதிரி. காப்பி எடுத்து ஒட்டினால் போன் நம்பருக்குக் கீழே தொகை வந்து நிற்கிறது. ஒரே ஷீட்டுக்குக் கொண்டுவர எளிய வழி உண்டா?
— அம்பாசமுத்திரம் வாசகி

பதில்: போன் நம்பருக்குக் கீழே தொகை வந்தது உங்கள் நல்ல நேரம். பார்த்ததும் தெரிகிற தப்பு அது. ஓர் எரரும் காட்டாமல் அழகாகச் சேர்ந்துவிடுகிற ஃபைலைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

அதனால் சேர்க்கிற வேலையை நாளைக்குத் தள்ளிப்போடுங்கள். இன்றைக்கு ஒரு புது ஷீட் திறந்து, 14 ஃபைலிலும் உள்ள தலைப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். எந்த ஊர், அவர்கள் வைத்த தலைப்பு, அதற்கு நாம் வைக்கப்போகும் தலைப்பு, என்ன அலகு. இவ்வளவுதான். நூற்றுச் சொச்சம் வரி வரும், ஒரு மணி நேர வேலை. ‘பெயர்’, ‘விவசாயி பெயர்’, ‘உறுப்பினர்’ மூன்றும் ஒன்றுதான் என்று முடிவு செய்வது நீங்கள்தான்; எந்த மென்பொருளும் அதைத் தானாகச் சொல்லாது.

ஒரே பொருளுக்குப் பல தலைப்பு இருப்பது சின்னத் தொல்லை. ஒரே தலைப்புக்குள் பல பொருள் இருப்பதுதான் பெரிய தொல்லை. ‘அளவு’ என்ற தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கீழே 20 என்று இருக்கிறது. கிலோவாக இருக்காது, சரி. மூடை என்றால் எந்த மூடை? அரசு கொள்முதல் நிலையத்தில் மூடைக்கு 40 கிலோ, ஆக 800 கிலோ. வியாபாரிக்குப் போட்டுப் பழகிய ஊரில் மூடை 75 கிலோவாக இருக்கலாம், அப்போது 1500. எழுதியவர் குவிண்டாலை நினைத்திருந்தால் 2000. மூன்றுமே நம்பும்படியான எண்கள். கூட்டிப் பார்த்தால் மொத்தமும் நம்பும்படியாகத்தான் இருக்கும். பணம் போகும்போதுதான் ஊரில் சத்தம் வரும்.

நிலத்தின் பரப்பும் இதே கதை. ஒருவர் ஏக்கர், ஒருவர் சென்ட். பட்டாவைப் பார்த்து அடித்தவர் 0.40.50 என்று போட்டிருப்பார். 0 ஹெக்டேர் 40.50 ஏர் (நூறு ஏர் ஒரு ஹெக்டேர்) என்று பொருள், கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். இரண்டு புள்ளி இருப்பதால் எக்செல் அதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளாது. கூட்டும்போது சத்தமில்லாமல் விட்டுவிடும். எல்லா ஊருக்கும் எடை கிலோவில், பரப்பு ஏக்கரில் என்று மாற்றிக்கொள்ளுங்கள். பழைய எண்ணை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

சர்வே எண் உங்கள் ஃபைல்களில் இருந்தால், அதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 112/3 என்று அடித்தால் எக்செல் பேசாமல் இருக்கும். 12/3 என்று அடித்தால் ‘12-மார்ச்’ ஆக்கிவிடும். 12/45 என்று அடித்தால் 45-ஆம் ஆண்டு டிசம்பர் ஆகிவிடும். ஆக, ஒரே நெடுவரிசையில் பாதி சர்வே எண், பாதி தேதி. நம் ஊர் முறையில் செட் செய்த கம்ப்யூட்டரில் அடித்த 12/3, நாள்-மாதம் என்று ஃபார்மேட்டை மாற்றினால் திரும்பக் கிடைக்கும். மாதத்தை முதலில் வைக்கிற அமெரிக்க முறையில் இருந்த கம்ப்யூட்டர் என்றால் அது டிசம்பர் 3 ஆகியிருக்கும். நாள்-மாதமாக மாற்றினால் 3/12 என்ற வேறொருவர் வயல் வந்து நிற்கும். இதில் ஃபார்முலாவை நம்பாதீர்கள். இருபது முப்பது வரிதான் இருக்கும், பட்டாவைக் கேட்டு வாங்கி அடித்துவிடுங்கள். அடிக்கும் முன் அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிடுங்கள்.

வங்கிக் கணக்கு எண்ணும் அப்படித்தான். எண்ணில் 15 இலக்கத்துக்கு மேல் எக்செல் வைத்துக்கொள்ளாது. 16 இலக்கக் கணக்கை எண்ணாக அடித்திருந்தால் கடைசி இலக்கம் 0 ஆகியிருக்கும். போனது போனதுதான், பாஸ்புக்கைப் பார்த்தால்தான் தெரியும்.

தமிழில் தலைப்பு வைப்பதில் ஒரு விநோதம் உண்டு. ‘தொகை’ என்று இரண்டு ஊரில் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் கம்ப்யூட்டர் இரண்டு நெடுவரிசை என்று சாதிக்கும். ஒருவருடைய கீபோர்டு ‘ொ’வை ஒரே குறியாக எழுதியிருக்கும், இன்னொருவருடையது கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்திருக்கும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. எழுத்தை எண்ணுகிற ‘லென்’ ஃபார்முலாவைப் போட்டால் ஒன்று 4 காட்டும், மற்றது 5. தலைப்பை ஒரு ஃபைலில் சரியாக அடித்து, அதையே எல்லாவற்றிலும் காப்பி செய்து ஒட்டுவதுதான் இதற்குச் சுலபமான மருந்து. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ஏதாவது ஃபைல் வந்திருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒட்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும்.

அப்புறம், நம் ஆட்கள் கணக்கு எழுதும் அழகு. முதல் செல்லில் பிள்ளையார் சுழி, இரண்டாவது வரியில் ஊர்ப் பெயர், மூன்றாவதில்தான் தலைப்பே தொடங்கும். ஊர் என்ற இடத்தில் முதல் ஆளுக்கு மட்டும் ‘பத்தமடை’, கீழே முப்பது பேருக்கு ‘மேற்படி’. அடியில் ‘ஆக மொத்தம்’. நோட்டுப் புத்தகத்தில் இதெல்லாம் சரிதான். சேர்த்தால் ‘ஆக மொத்தம்’ என்ற பெயரில் ஒரு விவசாயி எல்லா ஊரிலும் நெல் போட்டிருப்பார், உங்கள் மொத்தமும் இரட்டிப்பாகிவிடும். மேல் வரிகளையும் அடி வரியையும் எடுத்துவிட்டு, ‘மேற்படி’ இருக்கும் இடத்திலெல்லாம் ஊர்ப் பெயரை நிரப்புங்கள். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார். மூல ஃபைல் தனியாக இருக்கிறதே. இவ்வளவு வேலையும் நகலில்தான்.

இனி சேர்க்கலாம். இந்த ஒரு தடவைக்குத்தான் என்றால், 14 நகலிலும் தலைப்பைக் கையாலேயே மாற்றி, நெடுவரிசைகளை ஒரே வரிசையில் வைத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. கார் சாகுபடிக்கும் இதே வேலை வரும் என்றால், பல ஃபைலை ஒன்றாகச் சேர்க்க எக்செலுக்குள்ளேயே இருக்கிற பவர் குவெரி என்ற கருவியைப் பழகிக்கொள்ளலாம். எல்லா நகலையும் ஒரு ஃபோல்டரில் போட்டு, ‘டேட்டா’ மெனுவில் ‘கெட் டேட்டா’, ‘ஃப்ரம் ஃபைல்’, ‘ஃப்ரம் ஃபோல்டர்’ என்று போனால் போதும். அது இடத்தைப் பார்க்காது, தலைப்பைப் பார்த்துச் சேர்க்கும். எல்லா ஃபைலிலும் ஷீட்டின் பெயர் ஒன்றாக இருக்கட்டும், இல்லாவிட்டால் முரண்டு பிடிக்கும்.

அதில் நானே ஒரு முறை விழுந்த பள்ளம் ஒன்று உண்டு. பவர் குவெரி ஒரு ஃபைலை மாதிரியாக எடுத்துக்கொள்ளும். நாம் சொல்லாவிட்டால் முதல் ஃபைல்தான். அதில் இல்லாத தலைப்பு மற்ற ஃபைல்களில் இருந்தால், எரர் எதுவும் காட்டாமல் விட்டுவிடும். நான் சேர்த்த நெல் கணக்கில் முதல் ஊர் ஃபைலில் ‘ஈரப்பதம்’ இல்லை. மற்ற ஊர்க்காரர்கள் எல்லோரும் எழுதியிருந்தார்கள். ஈரத்துக்குக் கழிக்க வேண்டியதைக் கழிக்காமலே பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து எல்லாத் தலைப்பும் உள்ள, கீழே ஒன்றும் இல்லாத ஒரு ஃபைலை ‘00 மாதிரி’ என்ற பெயரில் ஃபோல்டரில் போட்டு, அதையே மாதிரியாகத் தேர்ந்தெடுக்கிறேன்.

பைத்தான் என்ற நிரல்மொழி தெரிந்த தம்பி யாராவது பக்கத்தில் இருந்தால், அதில் அட்டவணை வேலைக்கென்று உள்ள பாண்டாஸில் ஒரே வரியில் சேர்த்துத் தருவான். அதுவும் தலைப்பைப் பார்த்துத்தான் சேர்க்கும், இல்லாத இடத்தை வெற்றாக விடும். ‘அளவு’ என்றால் மூடையா கிலோவா என்று அதற்கும் தெரியாது.

சேர்த்த ஷீட்டில் எந்த வரி எந்த ஃபைலிலிருந்து வந்தது என்று ஒரு நெடுவரிசை கட்டாயம் இருக்க வேண்டும். பவர் குவெரி தானே வைக்கும். கையால் ஒட்டினால் நீங்கள் வையுங்கள். அதை வைத்து ஊர்வாரியாக எத்தனை பேர், எத்தனை கிலோ, எவ்வளவு தொகை என்று பிவட் (எக்செல் தானே தொகுத்துத் தரும் சுருக்க அட்டவணை) போட்டு, மூல ஃபைலின் அடியில் இருந்த ‘ஆக மொத்த’த்தோடு ஒப்பிடுங்கள். ஒரு ஊர் உதைத்தாலும் நிறுத்திப் பாருங்கள். இரண்டு முறை வந்த ஆட்களை நீக்கும்போது பெயரை மட்டும் நம்ப வேண்டாம். நம் பக்கம் ஒரே தெருவில் நாலு இசக்கிமுத்து இருப்பார்கள். பெயர், போன் நம்பர், சர்வே எண் மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் ஒரே ஆள் என்று எடுத்துக்கொண்டு, அப்போதும் நெல் போட்ட தேதியைப் பாருங்கள். ஒரே ஆள் இரண்டு நாள் கொண்டுவந்திருக்கலாம்.

‘அளவு’ என்று மட்டும் எழுதிய ஊர்களுக்கு இன்றைக்கே போன் போட்டுவிடுங்கள். மூடைக்கு எத்தனை கிலோ என்று கேட்கும்போதே, சாக்கு எடையைக் கழித்தார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.