ஆண்ட்ரூ கிரிமாவின் மோதிரங்கள்: கேள்வி பதில்

1960களிலும் 70களிலும் லண்டனில் தங்க நகையின் போக்கையே மாற்றியவர்களில் என் கணக்கில் முதலில் நிற்பவர் ஆண்ட்ரூ கிரிமா. அவருடைய பட்டறையில் உருவான மோதிரங்களைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

கேள்வி: ஐயா, கிரிமா தானே பட்டறையில் உட்கார்ந்து நகை செய்தாரா?

இல்லை. 1921இல் ரோமில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர். படித்தது இயந்திரப் பொறியியல். போர் முடிந்ததும் 1946இல் மாமனாரின் நகை நிறுவனத்தில் சேர்ந்தார். 1948இல் கல் வியாபாரிகள் இருவர் ஒரு பெட்டி நிறைய அக்வாமரின், சிட்ரின், டூர்மலின், செவ்வந்திக்கல் எனப் பெரிய பெரிய பிரேசில் கற்களைக் காட்டினார்கள். அத்தனையையும் வாங்கிவிடுங்கள் என்று மாமனாரைச் சம்மதிக்கவைத்தவர், அந்தக் கற்களுக்காகவே நகைகளை வரையத் தொடங்கினார். வரைந்தது அவர், செய்தவர்கள் அவர் பட்டறைப் பொற்கொல்லர்கள். இதனால் மோதிரத்தின் மதிப்பு எள்ளளவும் குறைவதில்லை. ஆனால் 'கிரிமா தன் கையால் செய்தது' என்று யாராவது விளம்பரம் செய்தால், அவர் சொல்லும் மற்றவற்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லண்டனில் வாழ்ந்த மாமியார் கொடுத்த மோதிரம். தங்கம் மரப்பட்டையைப் போலச் சொரசொரப்பாக இருக்கிறது, நடுவில் தேன் நிறத்தில் பெரிய கல். ஊரில் ஒரு நகைக்கடையில் காட்டினேன். "916 இல்லை, கல் எடையைக் கழித்துப் பழைய தங்கமாக எடுத்துக்கொள்கிறோம்" என்றார்கள். கொடுத்துவிடலாமா?

கொடுத்துவிடாதீர்கள், அம்மா. உருக்கிய பிறகு மீட்க வழியே கிடையாது.

916 என்பது 22 காரட்டுக்கு உரிய எண். கிரிமா பெரும்பாலும் 18 காரட்டில்தான் வேலை செய்தார், அதற்கு உரிய எண் 750. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பை வாங்கி, மோதிரத்தின் உள்வளையத்தை விளக்கடியில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். தங்கத்தின் தூய்மை லண்டன் சோதனைச்சாலையில் சோதிக்கப்பட்டதென்றால் சிறுத்தைத் தலை முத்திரை ஒன்று இருக்கும். 1975க்கு முந்தைய பிரிட்டிஷ் 18 காரட் நகையில் கிரீடமும் 18 என்ற எண்ணும், அதற்குப் பிந்தையதில் கிரீடமும் 750 என்ற எண்ணும் இருக்கும். பக்கத்தில் உள்ள ஒற்றை ஆங்கில எழுத்து ஆண்டைக் குறிக்கும். லண்டன் முத்திரையில் சிறிய 'எல்' என்றால் 1966, சிறிய 'பி' என்றால் 1970. 1975இல் பெரிய 'ஏ'யிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். இவற்றோடு பட்டறைக் குறியாக 'ஏஜி லிமிடெட்' (ஆண்ட்ரூ கிரிமாவின் நிறுவனம்) அல்லது 'எச்ஜே கோ' (மாமனாரின் நிறுவனம்) என்பதற்கான எழுத்துகளோ 'கிரிமா' என்ற பெயரோ தெரிந்தால், லண்டனின் பெரிய ஏல நிறுவனம் ஒன்றுக்குப் படம் அனுப்புங்கள்.

கேள்வி: பெயர் மட்டும் இருக்கிறது, முத்திரை எதுவும் இல்லை. நம்பலாமா?

பெயரை யார் வேண்டுமானாலும் பின்னாளில் பொறித்துவிடலாம். சோதனைச்சாலை முத்திரையும் ஆண்டு எழுத்தும் பட்டறைக் குறியும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் எனக்கு நம்பிக்கை வரும். அந்தக் காலத்தில் இதே பாணியில் பெயரில்லாமல் செய்யப்பட்ட மோதிரங்கள் ஏராளம். அவற்றிலும் அழகானவை உண்டு, ஆனால் அவற்றுக்குக் கிரிமா விலை கொடுக்கக்கூடாது.

கேள்வி: சார், மோதிரம் மங்கிப்போயிருக்கிறது. பாலிஷ் போட்டு வாங்கலாமா?

கூடவே கூடாது! எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இதுதான். கிரிமாவின் நகையில் அந்தச் சொரசொரப்புதான் வடிவமைப்பே. வழுவழுப்பான தங்கத்தில் வைரங்களை வரிசையாகப் பதிப்பதையே நகை என்று எண்ணியிருந்த லண்டனில், மரப்பட்டை, இலை, பென்சில் சீவல் ஆகியவற்றின் மேற்பரப்பைத் தங்கத்தில் கொண்டுவந்தவர் அவர். பாலிஷ் போடும் பஃப் சக்கரத்தில் ஒருமுறை வைத்தால் அது போய்விடும். பாலிஷ் போட்ட மோதிரத்தை லூப்பில் பார்த்தால் உடனே தெரியும்: மேடுகளின் விளிம்பு மழுங்கிக் கண்ணாடிபோல மின்னும், பள்ளத்தில் மட்டும் பழைய வரிகள் ஒளிந்துகொண்டிருக்கும். முத்திரையும் தேய்ந்திருக்கும். வெதுவெதுப்பான நீர், மிதமான சோப்பு, மென்மையான பிரஷ், இவை போதும். கல் ஓப்பல் என்றால் ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: உண்மையான இலையையே தங்கமாக்கினார் என்கிறார்களே?

ஆமாம், மெழுகு வார்ப்பின் ஒரு வகை அது. சுவாமிமலையில் சிலைக்கு மெழுகு உருகி ஓடுவதுபோல, இங்கே அச்சுக்குள் வைத்த பொருளே எரிந்து சாம்பலாகி, அந்த வெற்றிடத்தில் தங்கம் பாயும். பிரிட்டிஷ் இளவரசி மார்கரெட்டுக்குச் செய்த ப்ரூச் (உடையில் குத்திக்கொள்ளும் நகை) லைக்கனிலிருந்து வார்க்கப்பட்டது. நம் சமையலில் போடும் கல்பாசியும் லைக்கன்தான்.

கேள்வி: விரலுக்குப் பெரிதாக இருக்கிறது. அளவைக் குறைக்கலாமா?

முடிந்தவரை வேண்டாம். வெட்டும் இடத்தில் முத்திரையோ வரிகளோ போய்விடலாம். பற்றவைக்கும் சூட்டில் ஓப்பலும் டூர்மலினும் விரிசல் விடலாம். உள்ளே கழற்றக்கூடிய சிறு வளையம் பொருத்தினால் தீர்ந்தது. வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால், லேசர் பற்றவைப்பு தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

கேள்வி: தினமும் அணியலாமா?

சிட்ரின், செவ்வந்திக்கல், டூர்மலின் ஆகியவற்றைக் கவனமாக அணியலாம். ஆனால் செவ்வந்திக்கல்லை வெயில்படும் ஜன்னலோரத்தில் நாள்கணக்கில் வைக்காதீர்கள், நிறம் வெளுக்கும். டயாப்டேஸ் என்ற பச்சைக்கல் பதித்தது என்றால் விசேஷ நாள்களுக்கு மட்டும். கற்களின் கடினத்தன்மையை அளக்கும் 10 வரையிலான அளவுகோலில் அது 5தான், தட்டினால் பிளந்துவிடும்.

கேள்வி: கிரிமாவின் விலைக்கு என்னால் எட்டாது. வேறு யாரைத் தேடலாம்?

அதே காலத்து ஜான் டொனால்டைப் பாருங்கள். முற்றிலும் வேறு சுவை வேண்டுமென்றால் கெர்டா ஃப்ளோக்கிங்கர். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் பிறந்தவர், தங்கத்தையும் வெள்ளியையும் உருகும் எல்லைவரை சூடாக்கி இணையவைத்தவர். 1971இல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளைக் கண்காட்சியாக வைத்தது. இவை மலிவு என்று சொல்லமாட்டேன். பணம் குறைவு என்றால், 1960களின் முத்திரை தெளிவாக உள்ள, பெயர் தெரியாத பட்டறையின் மோதிரம் ஒன்றை, பாலிஷ் படாததாகப் பார்த்து வாங்குங்கள்.