மரபணுத் திருத்தம்: தடையா, விலையா?

அன்புள்ள ஐயா,

சீனாவில் ஒரு விஞ்ஞானி கருவிலேயே மரபணுவை மாற்றிக் குழந்தைகளைப் பிறக்க வைத்ததை வகுப்பில் சொன்னேன். "இந்த ஆராய்ச்சியையே தடை செய்யணும் டீச்சர்" என்று பிள்ளைகள் கொதித்துவிட்டார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. உங்கள் கருத்து என்ன?

ஓர் உயிரியல் ஆசிரியை, தருமபுரி

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தச் சீன விஞ்ஞானி ஹெ ஜியான்குய் விஷயத்தில் பிள்ளைகள் கோபப்பட்டது நியாயம். எச்.ஐ.வி. தொற்றக்கூடாது என்று 2018-இல் அவர் செய்த அந்த மாற்றம் பரம்பரையாகத் தொடரக்கூடியது. எச்.ஐ.வி. உள்ள தந்தையிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்க வேறு பாதுகாப்பான வழிகள் அப்போதே இருந்தன. அவருக்கு 3 ஆண்டு சிறை கிடைத்தது.

ஆனால் பாடத்தை அங்கே நிறுத்திவிடாதீர்கள். அரிவாள் செல் நோயையும் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரே ஓர் டி.என்.ஏ. எழுத்து மாறியதால் சிவப்பணுக்கள் வளைந்து, விறைத்து, சிறு ரத்தக்குழாய்களில் சிக்கிக்கொள்கின்றன. எலும்புக்குள் வரும் அந்த வலிக்கு மார்ஃபின் போடும் நிலைகூட வரும்.

இந்த நோயுள்ள பச்சிளம் குழந்தைகளுக்கு முதல் சில மாதங்கள் ஏன் ஒன்றும் ஆவதில்லை? கருவில் உருவாகும் ஹீமோகுளோபின் அவர்கள் ரத்தத்தில் இன்னும் மிச்சம் இருப்பதுதான் காரணம் என்று ஜேனட் வாட்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-லேயே சுட்டிக்காட்டினார். பிறந்த பிறகு அது உருவாகாமல் நிறுத்திவைப்பது பிசிஎல்11ஏ என்ற மரபணு. ரத்த செல்களை உருவாக்கும் நோயாளியின் ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, ரத்த செல்களில் அந்த மரபணு வேலை செய்ய உதவும் பகுதியை கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியால் வெட்டி, திரும்ப உடலில் செலுத்துகிறார்கள். கருக்கால ஹீமோகுளோபின் மறுபடி உருவாகிறது. பிழையான எழுத்தை யாரும் தொடுவதே இல்லை! எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் இதுதான். மாற்றம் அந்த நோயாளியோடு முடிகிறது, பிள்ளைகளுக்குப் போகாது.

கேஸ்கெவி என்ற இந்தச் சிகிச்சைக்கு 2023-இல் முதலில் பிரிட்டனும் அடுத்து அமெரிக்காவும் அனுமதி தந்தன. பரிசோதனையில் போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்கு ஓராண்டாவது கடும் வலி வரவில்லை. சுலபமான சிகிச்சை என்று நினைக்க வேண்டாம். பழைய எலும்பு மஜ்ஜையை அழிக்கக் கடுமையான கீமோ மருந்து கொடுக்கிறார்கள், குழந்தைப்பேறே பாதிக்கப்படலாம்.

அப்புறம் விலை. அமெரிக்காவில் 22 லட்சம் டாலர். இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானது 1952-இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம். அங்கே இருக்கும் ஒரு குடும்பம் இந்தத் தொகையை நினைத்துப் பார்க்க முடியுமா? என் கோபமெல்லாம் இதன் மேல்தான். தடை வந்தால் நஷ்டம் அவர்களுக்குத்தான்.

டெல்லியில் உள்ள ஐ.ஜி.ஐ.பி. என்ற அரசு மரபணு ஆய்வகம் இதே நோய்க்குக் குறைந்த செலவில் கிரிஸ்பர் சிகிச்சை கொண்டுவர உழைக்கிறது. அதற்கு அரசுப் பணம் தாராளமாகப் போக வேண்டும். அது வரும்வரை ரத்தப் பரிசோதனையும் ஹைட்ராக்சியூரியா மாத்திரையும் மலைக்கிராமங்களுக்குத் தவறாமல் போய்ச் சேர வேண்டும். வலி வரும் தடவைகளைக் குறைக்கும் மலிவான மாத்திரை அது.

கருவைத் திருத்திப் பிள்ளை பெறுவதற்குத் தடை இருக்கட்டும், நானும் உங்கள் பக்கம். நோயாளியின் ரத்தத்தைத் திருத்துவதற்கு வேண்டாம்.