ஒரே ஒரு 1.2 வோல்ட் ரீசார்ஜ் பேட்டரியில் வெள்ளை எல்இடி எப்படி எரிகிறது?

வெள்ளை எல்இடி ஒளிர சுமார் 3 வோல்ட் வேண்டும், ஆனால் தோட்டத்து சோலார் விளக்கைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரே ஒரு 1.2 வோல்ட் செல்தான் இருக்கும். அதை 3 வோல்ட்டுக்கு உயர்த்தித் தருவது பூஸ்ட் கன்வெர்ட்டர் என்ற சின்ன சர்க்யூட். பெரிதாக ஒன்றுமில்லை, நான்கு கால் சிப் ஒன்று, பார்க்க ரெசிஸ்டர் (கரண்டைத் தடுத்துக் குறைக்கும் சின்னப் பாகம்) மாதிரியே இருக்கும் காயில், அதாவது கம்பிச் சுருள் ஒன்று, அவ்வளவுதான்.

குழாயில் வேகமாக ஓடும் தண்ணீரைச் சட்டென்று மூடினால் பைப் 'டொக்'கென்று அதிருமே, அதே கதைதான் இங்கேயும். காயிலில் ஓடும் கரண்டை சிப் நொடிக்குப் பல ஆயிரம் முறை விட்டு விட்டு நிறுத்துகிறது, ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் காயில் அதை விடாமல் தள்ளப் பார்ப்பதால் வோல்டேஜ் எகிறி எல்இடி எரிகிறது. நம் கண்ணுக்கு மினுமினுப்பு தெரியாது.

ரெசிஸ்டர் போட்டாலே போதாதா என்றால், அது வோல்டேஜைக் குறைக்கத்தான் செய்யும், கூட்டாது. 9 வோல்ட் பேட்டரியில் ரெசிஸ்டர் போட்டு ஒரு எல்இடி எரித்தால் மூன்றில் இரண்டு பங்கு மின்சாரம் வெறும் சூடாகப் போய்விடும். 3.7 வோல்ட் லித்தியம் செல் என்றால் வீணாவது ஐந்தில் ஒரு பங்குதான், அங்கே ரெசிஸ்டரே போதும், கன்வெர்ட்டருக்குச் செலவழிக்காதீர்கள்.

அப்புறம், வோல்டேஜ் கூடுவதால் சும்மா மின்சாரம் கிடைக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, எல்இடிக்கு 20 மில்லிஆம்ப் போக பேட்டரி 60 மில்லிஆம்புக்கு மேல் கொடுக்கிறது.