லண்டனிலிருந்து பால்டிக் சுற்று: கார், கப்பல், கேள்வி பதில்

டோவரில் கப்பலேறி பிரான்சின் கலேயில் இறங்கி, ஜெர்மனி, டென்மார்க், சுவீடன், பின்லாந்து போய், அங்கிருந்து எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா, போலந்து வழியாக வீடு திரும்பும் சுற்று. சொந்தக் காரில் இதை ஓட்ட நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அண்ணா, முதலில் எதைப் புக் பண்ணுவது? ஹோட்டலா, கப்பலா?

கப்பல். அதுவும் டோவர் கப்பல் அல்ல, நடுவில் வருகிற, சுவீடனின் ஸ்டாக்ஹோமில் இருந்து பின்லாந்தின் துர்க்கு துறைமுகத்துக்குப் போகும் இரவுக் கப்பல். டோவரில் நாள் முழுக்கக் கப்பல் உண்டு. ஜெர்மனியின் புட்கார்டனில் இருந்து டென்மார்க்கின் ரோட்பிக்கு 45 நிமிடம்தான். ஒன்று போனால் அடுத்தது வரும். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் இருந்து எஸ்டோனியாவின் தாலினுக்குச் சுமார் இரண்டு மணி நேரம், அங்கும் பகலில் பல கப்பல்கள். ஸ்டாக்ஹோமில் இரவுக் கப்பலைத் தவறவிட்டால் அந்த இரவு போயிற்று. கோடை விடுமுறையில் கார் இடமும் கேபினும் சேர்ந்து கிடைப்பது பெரிய பாடு.

அந்தத் தேதியைக் குறித்துவிட்டு முன்னும் பின்னும் எண்ணுங்கள். கைவசம் ஓய்வு நாள் இருந்தால் கப்பலுக்கு முன்னால் வையுங்கள், பின்னால் அல்ல. கோபன்ஹேகனில் இருந்து ஸ்டாக்ஹோம் கிட்டத்தட்ட 650 கிலோமீட்டர். காலையில் அங்கே புறப்பட்டு மாலையில் இங்கே கப்பலேறலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வழியில் ஒரு டயர் பஞ்சரானால் போதும், கணக்கு முடிந்தது.

இன்னொன்று, டிக்கெட்டில் உள்ள நேரம் அந்தந்த ஊர் நேரம். பின்லாந்து சுவீடனைவிட ஒரு மணி நேரம் முன்னால். காலை ஏழு மணிக்கு துர்க்கு என்று போட்டிருந்தால் உங்கள் உடம்புக்கு அது ஆறு மணி. அதற்கும் முன்னால் எழுந்து, பிள்ளைகளை உடுப்பு மாற்றிக் கூட்டிக்கொண்டு காருக்கு இறங்க வேண்டும்.

அந்தக் கப்பல் நடுச்சாமத்தில் ஒரு தீவில் நிற்கிறதாமே, ஏன்?

ஓலாந்து தீவுகள். பின்லாந்துக்குச் சொந்தம், ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் மதிப்புக்கூட்டு வரி எல்லைக்கு வெளியே. அங்கே தொட்டுப் போவதால்தான் கப்பலுக்குள் வரியில்லாக் கடை நடக்கிறது. ஆட்கள் கூட்டமாக ஏறுவது ஏன் என்று இப்போது புரியும். காரோட்டுகிறவர் மட்டும் அந்தக் கடைப் போத்தலை வீடு வரும்வரை திறக்க வேண்டாம். எஸ்டோனியாவில் இரத்தத்தில் அனுமதிக்கும் மதுவின் அளவு இங்கிலாந்தில் இருப்பதில் நாலில் ஒரு பங்கு, சுவீடனிலும் அப்படியே. துறைமுக வாசலில் பொலிஸ் ஊதச் சொல்வதும் உண்டு.

தம்பி, எனக்குக் கடல் என்றாலே வயிற்றைப் பிரட்டும். இந்த வயதில் இது சரிவருமா?

வரும் அம்மா. ஸ்டாக்ஹோமில் இருந்து போகும் வழி பெரும்பாலும் ஆயிரக்கணக்கான சின்னத் தீவுகளுக்கு நடுவே. அலையை அவையே தடுத்துவிடும். டோவர்–கலே ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் காற்று நாளில் ஆட்டும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் உட்காருங்கள், தொடுவானத்தைப் பாருங்கள். மாத்திரை போடுவதானால் ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். ஓட்டுகிறவர் போட்டால் கலேயில் தூக்கம் வரும், அதைக் கவனியுங்கள்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா? கோழிக்கறி, தயிர், கருவேப்பிலை?

மூன்றும் கூடாது. பிரிட்டன் இப்போது ஒன்றியத்துக்கு வெளிநாடு. இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகத் தடை, நெய்யும் அதில் அடக்கம். பச்சைக் கருவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், அதை யாரும் எடுத்துக்கொண்டு வரப்போவதில்லை. அரிசி, மிளகாய்த்தூள், பருப்பு எல்லாம் பிரச்சினை இல்லை. மீன் ஒருவருக்கு 20 கிலோ வரை விடுவார்கள். ஆகவே கருவாட்டுப் பிரியர்களுக்குச் சட்டத்தில் இடமுண்டு, காரில் உள்ளவர்கள்தான் சம்மதிக்க வேண்டும்.

நான் இலங்கைப் பாஸ்போர்ட், இங்கே நிரந்தர வதிவிடம். எத்தனை விசா?

ஒரே ஷெங்கன் விசா. மேலே சொன்ன நாடுகள் எல்லாம் அதற்குள் அடக்கம், நடுவில் நீங்கள் வெளியே போவதில்லை. அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பியுங்கள். பிரெஞ்சு எல்லைச் சோதனை டோவரிலேயே நடக்கும், அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

காரை என்ன செய்து வைக்க வேண்டும்?

கூரையில் பெட்டி வைத்தால் அதோடு சேர்த்து உயரத்தை அளந்து, புக் பண்ணும்போதே சொல்லுங்கள். உயரம் கூடினால் வேறு வரிசை, வேறு கட்டணம். லொக்புக் (காரின் பதிவுப் பத்திரம்), இன்ஷூரன்ஸ், 'யூகே' ஸ்டிக்கர், எதிரே வருபவர் கண்ணைக் கூசாமல் இருக்க ஹெட்லைட்டில் ஒட்டும் தாள். லீஸ் காரானால் கம்பெனியின் அனுமதிக் கடிதமும், காரை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று காட்டும் விஈ103 படிவமும். இன்ஷூரன்ஸில் 'ஐரோப்பா உண்டு' என்று இருந்தாலும் அது சில நேரம் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் மட்டும்தான், கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

கப்பலுக்குள் கார்கள் பம்பரோடு பம்பர் நெருக்கி நிற்கும். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரில் விட்டு, அலாரத்தை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் கப்பல் ஆடும்போதெல்லாம் அது கத்தும். இரவுக்குத் தேவையானதைச் சின்னப் பையில் முதலே எடுத்துவிடுங்கள், ஓடும்போது கார்த் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். மேலே ஏறும் முன் படிக்கட்டுக் கதவில் உள்ள தள எண்ணைப் போனில் படமெடுங்கள். காலையில் எல்லாக் கதவும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

திரும்பும் வழியில் பார்க்க ஏதும் உண்டா?

பெர்லினில் இருந்து ஏ2 சாலையில் வந்தால் ஹாம் நகரின் ஊண்ட்ரொப்பில் காமாட்சி அம்பாள் கோயில், சாலைக்குப் பக்கத்திலேயே. 2002இல் குடமுழுக்குக் கண்ட பெரிய கோயில். தேர்த் திருவிழா நாளில் மட்டும் பார்க்கிங் கிடைக்காது.

கானில் பெற்றோல் எடுத்துப் போகலாமா?

வேண்டாம், கப்பல்காரர் விடமாட்டார்கள். வழி நெடுக பம்ப் உண்டு.